சீட்டு தொடாதவங்க கட்டின ஊரு!

லாஸ் வேகஸ்னு சொன்னதும் மண்டைக்குள்ள என்ன ஓடும்? நியான் லைட், சுத்துற ரூலெட் சக்கரம், விடிய விடிய பார்ட்டி. சரிதான். ஆனா, அந்த இடத்துல முதன்முதலா கோட்டைச் சுவர் எழுப்பினவங்க யார் தெரியுமா பாஸ்? சூதாட்டம் பாவம்னு சொல்றவங்க. சாராயம் கூடாதுன்றவங்க. அட, காபி, டீ கூடக் கூடாதுன்ற கோஷ்டி! மோர்மன்கள். 1855-ல் வந்தாங்க, கோட்டை கட்டினாங்க, ரெண்டே வருஷத்துல மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. (நியாயமாச் சொல்லணும்னா, காபி விஷயம் அந்தக் காலத்துல வெறும் அறிவுரைதான். அது கறாரான விதியானது 20-ம் நூற்றாண்டில்.)

செமஸ்டர் லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வேகஸை ஒட்டின ஹென்டர்சன்தான் அவங்க ஊர். எனக்கு வயசு இருபது. நெவாடா மாநிலத்துல 21 முடிஞ்சாத்தான் கேசினோவில் உட்கார்ந்து ஆட விடுவாங்க. ஆக, வேகஸ் வரைக்கும் போயும் நமக்கு ஆட்டத்துல இடமில்லை. "ஸ்ட்ரிப்பை ஒரு ராத்திரியில நடந்தே பார்த்துடலாம் மாப்ளே. மிச்ச நாளுக்கு என்ன பண்ணப் போறே?"ன்னு மாமா கேட்டார். அவருக்குப் பழைய ஊர், பழைய ரோடுன்னா உயிர். கார் சாவியைக் கையில எடுத்துட்டுத்தான் அந்தக் கேள்வியையே கேட்டார்.

ஒரு விஷயம் ஏர்போர்ட்லயே உறைச்சது. பெட்டி வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஸ்லாட் மெஷின் 'டிங் டிங்'னு கூப்பிடுது. ஆனா ஏர்போர்ட்டுக்குப் பேர் என்ன? ஹாரி ரீட். 2007-லிருந்து 2015 வரை அமெரிக்க செனட்டில் மெஜாரிட்டி கட்சித் தலைவரா இருந்த நெவாடாக்காரர். அவரும் மோர்மன்! 2021 டிசம்பரில்தான் இந்தப் பேரை வெச்சாங்க.

முதல் ஸ்டாப், பழைய கோட்டை. டவுன்டவுனுக்குக் கொஞ்சம் வடக்கே, வாஷிங்டன் அவென்யூவில் இருக்கு. நான் ஏதோ பெரிய மதில், பீரங்கின்னு பில்டப் பண்ணி வெச்சிருந்தேன். போய்ப் பார்த்தா, பள்ளிக்கூட மைதானம் சைஸுக்கு ஒரு சதுரம். பக்கத்துக்கு 150 அடி. அடோபின்னு ஸ்டைலா சொல்றாங்க. நம்ம பாஷையில பச்சைச் செங்கல். களிமண்ணைக் குழைச்சு, அச்சுல போட்டு, வெயில்ல காயவெச்சு, சூளை பார்க்காமலே அடுக்குற கல். அசல் சுவர்ல ஒரே ஒரு கட்டடத் துண்டுதான் பாக்கி. மிச்சமெல்லாம் பின்னால கட்டினது. அந்தத் துண்டுதான் நெவாடாவிலேயே மிகப் பழைய கட்டடம்.

1855 ஜூன் 14 அன்னிக்கு வில்லியம் பிரிங்ஹர்ஸ்ட் தலைமையில் 30 பேர் இங்க வந்து சேர்ந்தாங்க. ஏன் இந்தப் பொட்டல்? காரணம் தண்ணி. (குடிக்கிற தண்ணிதான்பா!) 'லாஸ் வேகஸ்'னா ஸ்பானிஷ்ல புல்வெளிகள்னு அர்த்தம். பாலைவனத்துக்கு நடுவுல ஊற்று பொங்கி, ஓடையா ஓடி, புல் மண்டிக் கிடந்த இடம். வடகிழக்கே மோர்மன் தலைநகர் சால்ட் லேக் சிட்டி, தென்மேற்கே கலிஃபோர்னியாவில் அவங்க 1851-ல் குடியேறின சான் பெர்னார்டினோ. ரெண்டுக்கும் நடுவுல வண்டி மாடு தண்ணி குடிக்க ஒரு இடம் வேணும். கூடவே, அங்க ஏற்கெனவே தலைமுறை தலைமுறையா இருந்த பையூட் பழங்குடிகளுக்கு விவசாயமும் வேதமும் சொல்லித் தரணும். அதுதான் பிளான்.

முதல்ல எல்லாம் சுமுகமாத்தான் போச்சு. செங்கல் அறுக்கவே பையூட்கள் கை கொடுத்தாங்க. அப்புறம் வயல்ல விளைஞ்சதை அவங்க எடுத்துட்டுப் போனா, இவங்க அதுக்குத் 'திருட்டு'ன்னு பேர் வெச்சாங்க. ஊற்று யாருதுங்கறதை வெச்சுப் பார்த்தா, அந்த வார்த்தையை யார் யாரைப் பார்த்துச் சொல்லணும்னு எனக்கு டவுட். 1856-ல் பக்கத்து மலையில் ஈயம் கிடைச்சது. சுரங்கத்துக்கு வந்த தலைவருக்கும் கோட்டைத் தலைவருக்கும் முட்டிக்கிச்சு. 1857-ல் மிஷனையே கலைச்சாச்சு.

சிவில் டிபார்ட்மென்ட் ஆள் நான், இதைச் சொல்லாம போனா என் கிளாஸ்ல யாரும் மன்னிக்க மாட்டாங்க. 1929-ல் அமெரிக்க அரசின் நீர்வள இலாகா, இந்தக் கோட்டையில மிச்சமிருந்த கட்டடத்தை வாடகைக்கு எடுத்தது. எதுக்கு? ஹூவர் அணைக்கான கான்க்ரீட் டெஸ்டிங் லேப்! உலகத்தோட பிரமாண்டமான கான்க்ரீட் அணைகளில் ஒண்ணுக்கு, வெயில்ல காயவெச்ச மண் சுவருக்குள்ள வெச்சுக் கலவை டெஸ்ட் பண்ணியிருக்காங்க. நான் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துட்டே கொஞ்ச நேரம் நின்னேன். மாமா போன் பேசிட்டிருந்தார்.

அந்த ஊற்று என்னாச்சு? ரயில் வந்து, 1905 மே 15-ல் மனை மனையா ஏலம் போட்டு ஊர் முளைச்சது. கிணறு மேல கிணறா போர் போட்டு உறிஞ்சினதுல 1962-ல் ஊற்று நின்னே போச்சு. கோட்டைக்குள்ள இப்ப ஓடுற ஓடை, பார்க்கறதுக்காகச் செயற்கையா விட்டது. கோட்டை நிலத்தை ஒரு காலத்துல வெச்சிருந்த ஹெலன் ஸ்டூவர்ட்ங்கற பண்ணைக்காரம்மா 1911-ல் பத்து ஏக்கரைப் பையூட்களுக்காக எழுதிக் கொடுத்தாங்க. மொத்தப் பள்ளத்தாக்கும் யாரோடதா இருந்துச்சோ அவங்களுக்கு, பத்து ஏக்கர்.

சரி, இந்த மோர்மன்கள் பாலைவனத்துக்கு ஏன் வந்தாங்கன்னு ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச மதம். போன இடத்துலயெல்லாம் அடி, உதை, துரத்தல். 1844-ல் இல்லினாய்ஸில் ஜெயிலுக்குள்ள வெச்சே ஒரு கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்னுச்சு. அடுத்த தலைவர் ப்ரிகம் யங் என்ன யோசிச்சார்னா, 'யாருக்குமே வேண்டாத இடமாப் பார்த்துப் போயிடுவோம்.' 1847 ஜூலை 24 அன்னிக்குச் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். அப்போ அது மெக்சிகோ நாட்டு மண். எந்த நாட்டை விட்டு ஓடி வந்தாங்களோ, அந்த அமெரிக்காவே அடுத்த வருஷம் போர்ல ஜெயிச்சு இதையும் வாங்கிருச்சு! சரி, நாமளே ஒரு மாநிலமாயிடுவோம்னு 1849-ல் 'டெசரெட்'னு பேர் வெச்சு அப்ளிகேஷன் போட்டாங்க. இன்றைய யூட்டா, நெவாடாவோட பெரும் பகுதி, இன்னும் பல மாநிலங்களோட துண்டு துக்காணி எல்லாம் சேர்த்துக் கேட்டாங்க. வாஷிங்டன் அதைக் கண்டுக்கலை. 1850-ல் 'யூட்டா பிரதேசம்'னு சின்னதா வெட்டிக் கொடுத்துச்சு. மாநிலம் வேற, பிரதேசம் வேற. பிரதேசத்துக்குக் கவர்னரை வாஷிங்டன்தான் நியமிக்கும். ஹாஸ்டலுக்கு வார்டனை மேனேஜ்மென்ட் போடற மாதிரி.

இந்தக் கதையோட அடுத்த பாகத்துக்கு ஏழு மணி நேரம் கார்ல போகணும். வேகஸிலிருந்து வடமேற்கா, 95-ம் நம்பர் ஹைவே. வழியில டோனோபா, ஹாத்தார்ன்னு விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஊர். இடையில ஒரு மணி நேரத்துக்கு ஒரு மனுஷ முகம் தட்டுப்பட்டா அதிசயம். டிசம்பர் வெயில் கண்ணைக் கூசுது, ஆனா கதவைத் திறந்தா காது விறைச்சுப் போகுது. சாயங்காலம் திடீர்னு எதிர்ல ஒரு வெள்ளைச் சுவர். சியரா நெவாடா மலை! பனி மூடி நிக்குது. மாநிலத்துக்கே பேர் கொடுத்த மலை அது. 'நெவாடா'ன்னா பனி போர்த்தியதுன்னு அர்த்தம். அந்தச் சுவரோட காலடியில ஜெனோவா.

ஊர்னு சொன்னா ஊர் கோச்சுக்கும். ஒரு முச்சந்தி, நாலஞ்சு பழைய கட்டடம், மரத்தடியில மான். நெவாடாவின் முதல் நிரந்தரக் குடியிருப்பு இதுதான்னு போர்டு சொல்லுது. (டேட்டன்னு இன்னொரு ஊர் 'நாங்கதான் ஃபர்ஸ்ட்'னு சண்டை போட்டுட்டிருக்கு. அது அவங்க பஞ்சாயத்து.) 1849-ல் கலிஃபோர்னியாவில் தங்கம்னு உலகமே ஓடினப்போ, பாலைவனத்தைத் தாண்டி நாக்கு தள்ளி வந்தவங்க மலை ஏறுறதுக்கு முன்னாடி மூச்சு வாங்கின இடம் இது. 1850-ல் சில மோர்மன்கள் இங்க கூரைகூடப் போடாம ஒரு மரக்கடை போட்டு நல்லா சம்பாதிச்சுட்டுப் போனாங்க. 1851-ல் ஜான் ரீஸ் சால்ட் லேக்கிலிருந்து வண்டி வண்டியா மாவும் பருப்பும் கொண்டுவந்து நிரந்தரமா கடை போட்டார். பேரு, மோர்மன் ஸ்டேஷன். ஹைவே மோட்டலோட முப்பாட்டன்னு வெச்சுக்கங்களேன்.

தலைநகர் பாலைவனத்துக்கு அந்தப் பக்கம், வாரக்கணக்கா பயணம் பண்ணணும். போலீஸ் இல்லை, பட்டா இல்லை. 1851 நவம்பர் 12-ல் இங்க இருந்தவங்களே கூடி உட்கார்ந்து, நிலம் யார் யாருக்கு எவ்வளவு, தகராறு வந்தா யார் தீர்ப்புன்னு விதி எழுதினாங்க. மோர்மனும் உண்டு, மத்தவங்களும் உண்டு. நெவாடாவில் நடந்த முதல் அரசாங்கக் கூட்டம் அதுதான். எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்தக் கூட்டத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனாலும் ஜனங்க அதுக்குக் கட்டுப்பட்டாங்க.

1855-ல் ப்ரிகம் யங், ஆர்சன் ஹைட்ங்கறவரை இங்க நீதிபதியா அனுப்பினார். மோர்மன் சபையோட பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருத்தர். மலை வளைஞ்சு நிக்கிற அழகைப் பார்த்ததும் அவருக்கு இத்தாலியின் ஜெனோவா துறைமுகம் ஞாபகம் வந்துச்சாம். பேரை மாத்திட்டார். கடலே இல்லாத ஊருக்குத் துறைமுகத்தோட பேர்! அடுத்த வருஷம் இன்னும் நிறையக் குடும்பங்கள் வந்தாங்க. வாய்க்கால் வெட்டினாங்க, வயல் போட்டாங்க. வடக்கே வாஷோ பள்ளத்தாக்குல ஹைட் மரம் அறுக்கிற மில் ஒண்ணு கட்டினார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பேர் சும்மா வரலை. அங்க வாழ்ந்த மக்களுக்குப் பேரே வாஷோ. மலைச் சரிவுல இருக்கிற பைன் மரத்துக் கொட்டைதான் அவங்களுக்குக் குளிர்காலச் சோறு. அந்த மரங்களைத்தான் வந்தவங்க அறுத்துத் தள்ளினாங்க.

அப்புறம் வந்துச்சு 1857. சால்ட் லேக் வந்து பத்து வருஷம் ஆனதை மோர்மன்கள் ஜூலை 24-ல் மலையில பிக்னிக் போட்டுக் கொண்டாடிட்டிருந்தப்போ ஒரு செய்தி வந்தது. ஜனாதிபதி புக்கானன் பட்டாளம் அனுப்புறார்! பலதார மணம், வாஷிங்டன் அனுப்பின அதிகாரிகளோட தகராறு, ப்ரிகம் யங் தனி ராஜ்யம் நடத்துறார்ங்கற புகார், எல்லாம் சேர்ந்து வெடிச்சது. பழைய துரத்தல் திரும்ப வருதுன்னு யங் முடிவு பண்ணினார். எட்டுத் திக்கிலும் இருக்கிற நம்ம ஜனங்க எல்லாரும் உடனே சால்ட் லேக் வந்து சேரணும்னு ஆர்டர்.

அந்தப் பயம் என்ன செஞ்சதுங்கறதையும் சேர்த்தே சொல்லணும். 1857 செப்டம்பர் 11-ல் தெற்கு யூட்டாவின் மவுன்டன் மெடோஸ்ங்கற இடத்துல, கலிஃபோர்னியாவுக்குக் குடும்பம் குடும்பமாப் போய்ட்டிருந்த சுமார் 120 பேரை மோர்மன் படைக்காரங்க கொன்னாங்க. பாதுகாப்பாக் கூட்டிட்டுப் போறோம்னு வாக்குக் கொடுத்து வெளியே வரவெச்சுக் கொன்னாங்க. பதினேழு சின்னக் குழந்தைகளை மட்டும் விட்டாங்க. ரொம்ப காலத்துக்குப் பழி பையூட்கள் மேலதான் விழுந்தது. இருபது வருஷம் கழிச்சு ஒரே ஒருத்தருக்கு, ஜான் லீக்கு, மரண தண்டனை. துரத்தப்பட்டவங்க எப்பவும் பரிதாபத்துக்குரியவங்கன்னு நினைச்சுத்தான் இந்தச் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பிச்சேன். இந்த இடத்துல புத்தகத்தை மூடிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

அதே செப்டம்பர் மாசக் கடைசியில, இங்கே மலையடிவாரத்துல, சுமார் 450 பேர் 123 வண்டிகள்ல கிளம்பினாங்க. வெட்டின வாய்க்கால், கட்டின வீடு, அறுவடைக்கு நிக்கிற வயல் எல்லாத்தையும் வந்த விலைக்குத் தள்ளிட்டு. வாங்கினவங்களுக்குக் கொண்டாட்டம். 'கிளம்பத்தானே போறே, இந்தா பிடி'ன்னு கொடுத்ததுதான் ரேட்டு. ஹைட் அதுக்கு முன்னாடியே சால்ட் லேக் திரும்பியிருந்தார். அவரோட மில்லுக்குக் கிடைச்ச விலையைக் கேளுங்க. ஒரு ஜோடி சுமாரான கோவேறு கழுதை, அதுக்குக் கிழிஞ்ச சேணம், ரெண்டு ஜோடி காளை, ஒரு பழைய வண்டி.

மனுஷன் அதை மறக்கலை. 1862 ஜனவரியில அந்தப் பள்ளத்தாக்கு ஜனங்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். எனக்கு வர வேண்டியது இருபதாயிரம் டாலர், மரியாதையாக் கொடுத்துடுங்க. இல்லேன்னா இடி, பூகம்பம், வெள்ளம், கொள்ளை நோய், பஞ்சம்னு வரிசையா வந்து உங்க பேரே மண்ணுல இல்லாமப் போகும்! பக்காவா மண்ணை வாரித் தூத்தியிருக்கார். 1983 மே மாசம் அங்க ஸ்லைடு மவுன்டன் சரிஞ்சு, ஏரி உடைஞ்சு, சேறும் பாறையுமா பள்ளத்தாக்குல இறங்கினப்போ ஹைட்டை ஞாபகப்படுத்திக்கிட்டவங்க உண்டு. மலைக்குப் பேரே 'சரியும் மலை'. அது சாபத்துக்காகக் காத்திருந்ததா எனக்குத் தோணலை.

ஜெனோவாவில் இப்ப நிக்கிற மோர்மன் ஸ்டேஷன் 1947-ல் கட்டின நகல். அசல் 1910 தீ விபத்துல போயிருச்சு. அதுக்கு எதிர்லயே 1853-லிருந்து நடக்குதுன்னு சொல்ற மதுக்கடை. மாநிலத்துலயே பழசுன்னு பெருமையா போர்டு மாட்டியிருக்காங்க. மாமா ஆசையா எட்டிப் பார்த்தார். எனக்குத்தான் வயசு இல்லையே, நான் கல்லறைப் பக்கம் போனேன். அங்க ஸ்னோஷூ தாம்ஸன் தூங்குறார். நார்வேயில பிறந்தவர். 1856-லிருந்து இருபது வருஷம், பனிக்காலத்துல, காலில் பத்தடி நீளப் பலகையைக் கட்டிக்கிட்டு, முதுகுல தபால் மூட்டையோட சியராவைத் தாண்டின ஒத்தை ஆள். கலிஃபோர்னியாவிலிருந்து இங்க வர மூணு நாள், திரும்பிப் போக ரெண்டு நாள். சம்பள பாக்கி கேட்டு வாஷிங்டன் வரைக்கும் போனார். கிடைக்கலை. கல்லறைக் கல்லுல ரெண்டு பலகையைக் குறுக்கா செதுக்கி வெச்சிருக்காங்க.

இந்தத் தெருவுல நடந்த இன்னொருத்தரையும் சொல்லணும். சாரா வின்னமக்கா. வடக்குப் பையூட் பொண்ணு. 1857-ல் தங்கச்சியோட இங்க மேஜர் ஆம்ஸ்பி வீட்டுல தங்கி இங்கிலீஷ் கத்துக்கிட்டா. மூணே வருஷம் கழிச்சு, 1860 மேயில, பிரமிட் ஏரிப் பக்கம் பையூட்களுக்கும் வெள்ளைக்காரங்களுக்கும் நடந்த சண்டையில ஆம்ஸ்பி செத்துப்போனார். எதிர்ப்பக்கம் நின்னவங்க சாராவோட சொந்தக்காரங்க. 1883-ல் அவ தன் ஜனங்களோட கதையைப் புத்தகமா எழுதினா. இன்னிக்கு வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துல நெவாடா சார்பா நிக்கிற ரெண்டு சிலைகளில் ஒண்ணு அவளோடது.

மோர்மன்கள் வண்டியைக் கட்டி முழுசா ரெண்டு வருஷம் ஆகலை, 1859-ல் ஜெனோவாவுக்குக் கொஞ்சம் வடக்கே வெள்ளி கிடைச்சது. காம்ஸ்டாக் வெள்ளி! தங்கம் தேடினவங்க 'சனியன் பிடிச்ச நீலச் சேறு'ன்னு தூக்கிப் போட்டதை ஒருத்தர் டெஸ்ட் பண்ணிப் பார்த்தா அத்தனையும் வெள்ளி. இந்தத் தடவை மலையின் அந்தப் பக்கத்திலிருந்து கூட்டம் இந்தப் பக்கம் பாய்ஞ்சது. வந்தவங்களுக்குச் சால்ட் லேக்கிலிருந்து ஆளறதெல்லாம் ஒத்துவரலை. 1861 மார்ச் 2-ல் யூட்டாவை வெட்டி நெவாடா பிரதேசம் உண்டாச்சு. கையெழுத்துப் போட்டது யாரு? அதே புக்கானன். பதவி முடிய ரெண்டே நாள் இருக்கிறப்போ. 1862-ல் எல்லைக்கோடு இன்னும் கொஞ்சம் கிழக்கே போச்சு. 1866-ல் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் யூட்டாவுக்கு ஒரு பட்டை குறைஞ்சது.

இதுல செம ட்விஸ்ட் 1864-ல். உள்நாட்டுப் போர் நடக்குது, நவம்பர் 8-ல் ஜனாதிபதித் தேர்தல். நெவாடா மாநிலமாயிட்டா லிங்கனுக்கு ஆதரவு. ஆனா அனுப்பின அரசியல் சாசனப் பிரதி வாஷிங்டன் போய்ச் சேரலை. என்ன செய்யறது? மொத்தத்தையும் தந்தியில அடிச்சாங்க! 16,543 வார்த்தைகள். ஒவ்வொரு எழுத்தையும் கட்டு கடகட கட்டுன்னு தட்டி. நாம ரெக்கார்டு நோட் எழுதவே அழறோம். கார்சன் சிட்டியிலிருந்து வாஷிங்டனுக்கு நேர் கம்பி கிடையாது. நடுவுல ஒருத்தர் கேட்டு எழுதி, மறுபடி தட்டி அனுப்பணும். அந்த முதல் இடம் எது தெரியுமா? சால்ட் லேக் சிட்டி.

யோசிச்சுப் பாருங்க. 1860 சென்சஸ்படி நெவாடா பகுதியில 6,857 பேர். யூட்டாவில் 40,273. மாநில அந்தஸ்து கேட்டு 1849-லிருந்து நிக்கிறவங்க யூட்டாக்காரங்க. அவங்க ஊர் வழியாவே, அவங்க நிலத்தை வெட்டி உண்டான பக்கத்து வீட்டோட அட்மிஷன் லெட்டர் தந்தியில போகுது. அக்டோபர் 31-ல் நெவாடா மாநிலமாச்சு. யூட்டாவுக்கு அது கிடைச்சது 1896 ஜனவரி 4-ல். பலதார மணத்தைக் கைவிடறோம்னு 1890-ல் சபை அறிவிச்ச பிறகுதான்.

எல்லைக்கோடு நகர்றதுன்னா பேப்பர்ல ஒரு கோடுதானேன்னு அதுவரைக்கும் நினைச்சிட்டிருந்தேன். சர்வேயிங் லேப்ல தியோடலைட்டை வெச்சுக்கிட்டு ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்றப்போ வேற என்ன தோணும்? கடைசி நாள் மாமா கூட்டிட்டுப் போன இடத்துலதான் அந்தக் கோடு என்ன பண்ணும்னு பார்த்தேன். செயின்ட் தாமஸ்.

வேகஸ் திரும்பி, அங்கிருந்து வடகிழக்கா ஒரு மணி நேரம். வழியில மோவாப்பா பையூட்களோட நிலம். ரோட்டோரம் அவங்க நடத்துற பெரிய கடை, பட்டாசு விக்குது. 1873-ல் அவங்களுக்குன்னு ஒதுக்கினது சுமார் இருபது லட்சம் ஏக்கர். 1875-ல் அதை ஆயிரம் ஏக்கராக் குறைச்சாங்க. டைப்பிங் மிஸ்டேக் இல்லை, ஆயிரம்தான். 1980-ல்தான் எழுபதாயிரம் ஏக்கர் போலத் திரும்பக் கிடைச்சது. அதுல இப்ப 250 மெகாவாட் சோலார் நிலையம் ஓடுது.

அங்கிருந்து செக்கச் சிவந்த பாறைகளுக்கு நடுவுல போய், மண் ரோட்டுல இறங்கி, காரை நிறுத்திட்டு நடக்கணும். 1865-ல் மறுபடியும் ப்ரிகம் யங் ஆள் அனுப்பின இடம் இது. உள்நாட்டுப் போரால பருத்தி வரத்து நின்னுபோச்சு. 'மட்டி' ஆத்தங்கரையில பருத்தி போடுங்கன்னு உத்தரவு. தாமஸ் ஸ்மித் கூட்டிட்டு வந்ததால ஊருக்குச் செயின்ட் தாமஸ்னு பேர். வெயில், கொசு, காய்ச்சல், மணல் வாய்க்கால். எல்லாத்தையும் தாங்கி நிமிர்ந்தாங்க. அவங்க நினைப்புல அது யூட்டா. அரிஸோனா 'எங்க பிரதேசம்'னுச்சு. 1870-ல் சர்வே பண்ணினா, அது நெவாடா! உடனே வரி நோட்டீஸ் வந்துச்சு. பழைய பாக்கியும் சேர்த்து. அதுவும் தங்கக் காசு, வெள்ளிக் காசாத்தான் கட்டணும். காசையே கண்ணால பார்க்காம கோதுமைக்குப் பருத்தின்னு பண்டமாத்து பண்ணிட்டிருந்த ஜனங்க எங்க போவாங்க? ஓட்டெடுப்பு வெச்சாங்க. ஏறக்குறைய எல்லாரும் 'கிளம்பிடலாம்'னு கை தூக்கினாங்க. 1871-ல் ஊரே காலி. பொனெல்லிங்கற ஒரு குடும்பம் மட்டும் நகரலை.

ஒருத்தர்கூட இடத்தை மாத்திக்கலை. கோடுதான் அவங்களைத் தாண்டிப் போச்சு.

அதே 1866 கோட்டுல மாட்டின இன்னொரு மோர்மன் ஊர் பனாக்கா. 1864-ல் யூட்டாவில் ஆரம்பிச்சு, நகராமலே நெவாடாவுக்குள்ள வந்தது. அவங்க கிளம்பலை. நெவாடாவில் இன்னிக்கும் சூதாட்டம் கூடாதுன்ற ஊர் ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஹூவர் அணைத் தொழிலாளர்களுக்காகக் கட்டின போல்டர் சிட்டி, இன்னொண்ணு பனாக்கா.

செயின்ட் தாமஸுக்குப் பிறகு வேற ஜனம் வந்தது, மோர்மன்களும் திரும்ப வந்தாங்க. பள்ளிக்கூடம், ஹோட்டல், ஐஸ்க்ரீம் கடைன்னு ஊர் களை கட்டிச்சு. அப்புறம் ஹூவர் அணை. கொலராடோ ஆத்துத் தண்ணி மெதுவா ஏற ஏற, ஒவ்வொரு வீடா கிளம்பினாங்க. ஹியூ லார்டுங்கறவர் மட்டும் 'இவ்வளவு தூரம் வராது'ன்னு உட்கார்ந்துட்டார். 1938 ஜூன் 11-ல் காலையில முழிச்சுப் பார்த்தா வாசல்ல ஏரி. வீட்டுக்குத் தீ வெச்சுட்டு, படகுல ஏறித் துடுப்புப் போட்டுக்கிட்டுப் போயிட்டார். நம்ம கோட்டை லேப்ல டெஸ்ட் பண்ணின கான்க்ரீட் தடுத்து நிறுத்தின தண்ணி அது.

இப்ப நாங்க நடந்தது ஒரு காலத்துல ஏரியோட அடிமட்டம். 2000-க்குப் பிறகு வறட்சி, மேல மேல நகரங்களோட தாகம், எல்லாம் சேர்ந்து மீட் ஏரி இறங்கிக்கிட்டே வந்து ஊரைத் துப்பிருச்சு. 2022 ஜூலையில நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல 1,040 அடி வரைக்கும் இறங்கினது. ஏரி முதன்முதலா நிரம்பிக்கிட்டிருந்த 1937-க்குப் பிறகு அதுவரைக்கும் அவ்வளவு கம்மியா இருந்ததே இல்லை. காலடியில நொறுங்குறது சிப்பி ஓடு. பாலைவனத்துல சிப்பி! பள்ளிக்கூடத்தோட படிக்கட்டு மட்டும் எங்கயும் போகாம வானத்தைப் பார்த்து நிக்குது. ஐஸ்க்ரீம் கடையோட சுவர்தான் ஊர்லயே உசரம். வீட்டு வாசல்கள்ல தண்ணி சேமிச்ச தொட்டிகள், வரிசையா வெட்டின மரங்களோட அடிக்கட்டைகள். தெரு எங்க இருந்துச்சுன்னு அந்தக் கட்டைகளை வெச்சே சொல்லிடலாம். யாரோ கோடு போட்டு, அளந்து, நட்டிருக்காங்க.

ஒரு வாசற்படியில அத்தை உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தாங்க. "ஏங்க, இவங்க வீட்டுல உட்கார்ந்து காபி குடிக்கலாமா?"ன்னு மாமாவைக் கேட்டாங்க. மாமா யோசிச்சார். "ஐஸ்க்ரீம் கடைக்கிட்டப் போய்க் குடிச்சுக்கலாம்"னார். எழுந்து அங்க போனோம்.

திரும்புற வழியில ஓவர்டன். தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி செயின்ட் தாமஸ் கல்லறைகளைத் தோண்டி இந்த ஊருக்குத்தான் மாத்தியிருக்காங்க. பக்கத்துல 'லாஸ்ட் சிட்டி மியூசியம்'. இதே ஆத்தங்கரையில மோர்மன்களுக்கு, ஏன், ஸ்பானியர்களுக்கும் பல நூறு வருஷம் முன்னாடி வீடு கட்டி, வாய்க்கால் வெட்டி, சோளமும் பருத்தியும் போட்ட பியூப்ளோ மக்கள் இருந்திருக்காங்க. அவங்க ஊரையும் ஏரி விழுங்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் 1930-களில் அவசர அவசரமாத் தோண்டி, கிடைச்சதை இங்க கொண்டுவந்து வெச்சாங்க. மியூசியச் சுவர்கூட அடோபிதான். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட மண் சட்டி ஒண்ணு, உடைஞ்ச துண்டையெல்லாம் சேர்த்து ஒட்டினது. ரெண்டு துண்டு மட்டும் கிடைக்கலை போல, அந்த இடம் ஓட்டையாவே இருந்துச்சு.